கோட்டு யார் செலவில்?

மேடை ஏறுகிறவன் மேன்மையான உடை உடுத்தவேண்டும் என்கிறார்கள். உடுத்தட்டும், மறுப்பாரில்லை. ஆனால் அவ்வுடையைத் தேர்ந்தெடுப்பவர் யார்? அதற்குப் பணம் தருபவர் யார்? இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள் தோழர்களே, கண்ணியம் என்ற பெயரால் நடக்கும் கபட நாடகம் வெட்டவெளிச்சமாகும்.

1761ஆம் ஆண்டு, எஸ்டர்ஹாசி இளவரசரின் மாளிகையில் துணை இசைத் தலைவராகப் பணியேற்றார் ஜோசப் ஹைடன். இன்று உலகமே போற்றும் இசை மேதை! அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தம் என்ன கூறிற்று? விருந்தினர் முன் வாசிக்கையில் அவரும் குழுவினரும் சீருடையில் வரவேண்டும்; வெள்ளைக் காலுறை, வெள்ளைச் சட்டை, மாவு பூசிய தலை; பின்னலாயினும் சரி, பை முடியாயினும் சரி, எல்லாருக்கும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். ஏவலாளுக்கு இட்ட ஆணை அது. கலைஞனுக்குப் பூட்டிய அணி அன்று. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். ஏவல் உடையை அணியச் சொன்ன அரண்மனை, அதைத் தன் செலவிலேயே தைத்துக் கொடுத்தது. நம் ஊர் விழாக் குழுவினரிடம் அந்தப் பிரபுத்துவப் பெருந்தன்மைகூட இல்லை!

பிரபுக்கள் போயினர், வால் கோட்டு போகவில்லை. மேனாட்டு இசையரங்குகள் பலவற்றில் இன்றும் மாலைக் கச்சேரிக்கு அதுவே உடை. விருந்தில் கைகட்டி நிற்கும் சீமானுக்கென வெட்டிய கோட்டு, வில்லேந்தி வயலின் வாசிப்பவனின் தோளைப் பிடிக்காமல் என்ன செய்யும்?

நம் நாட்டிலோ கதை தலைகீழ். அங்கே உடையைத் திணித்தார்கள்; இங்கே உடையைப் பறித்தார்கள். பெரியதனக்காரர் முன்னிலையில் நாயனக்காரர் தோளில் துண்டு போடலாகாது, இடுப்பில் கட்டவேண்டும் என்றனர். நின்றுகொண்டே ஊதவேண்டும், நடந்துகொண்டே ஊதவேண்டும் என்றனர். அந்த நாளில்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பு வைத்தார், ஷெர்வானி அணிந்தார், மேடைமீது அமர்ந்து வாசித்தார். ஆணவம் என்று முணுமுணுத்தவர் உண்டு. அவர் விருப்பத்தில், அவர் பணத்தில் அணிந்த உடை! அதனால் அவருடைய தோடி ஓர் இழையேனும் குறைந்ததா?

இன்று நடப்பதென்ன? நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஆண்டு விழா. சேர்ந்திசை பாடுவோர்க்குக் கோட்டும் டையும் கட்டாயம், வாடகை 300 ரூபாய் என்று அறிவித்தார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் மூவரால் கட்ட இயலவில்லை. ஊருக்கே துணி நெய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் துணியில்லை என்று மேடை மறுக்கப்பட்டது! ஒரு மாதம் பயிற்சியில் பாடியவர்கள், விழாவன்று நாற்காலி அடுக்கினார்கள். கோட்டணிந்த மற்றப் பிள்ளைகளோ சித்திரை வெயிலில் வியர்த்து வழிந்தார்கள் என்பது வேறு வேடிக்கை.

"ஒழுங்கு வேண்டாமா? ஒரே தோற்றம் வேண்டாமா?" என்பர். பள்ளிச் சீருடை பின் எதற்காம்? அதைவிடவா ஒரே தோற்றம்!

பிறரை மட்டும் சாடிப் பயனில்லை. நம் இளைஞர் மன்றங்களும் பறையாட்டக் குழுவை அழைக்கின்றன; ஒரே நிறச் சட்டை வேண்டும் என்கின்றன; சட்டை விலையைக் கூலியில் கழித்துக்கொள்கின்றன. ஏனெனக் கேட்டால், "சட்டை அவர்களிடமேதானே இருக்கப்போகிறது?" என்றார் ஒரு செயலாளர். அடுத்த மன்றம் வேறு நிறம் கேட்குமே ஐயா, அந்தச் சட்டையை யார் கூலியில் கழிப்பது?

இனி ஒப்பந்தம் எழுதும்போது கூலி ஒரு வரியில், உடைச் செலவு மறு வரியில் இருக்கட்டும். இரண்டையும் மன்றமே தரட்டும். தையற்காரரிடம் கலைஞரையே அழைத்துச் செல்லுங்கள். பறையைத் தோளில் மாட்டி, கையை ஓங்கிய நிலையில் அளவெடுக்கச் சொல்லுங்கள். நிறம் எது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.