மட்டாஞ்சேரிக்குச் செல்வோம்

மாணவர்களே,

இவ்வாண்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு எங்கே செல்லலாம் என வகுப்பில் வினவியபோது, உங்களுள் பெரும்பாலோர் கொச்சியிலுள்ள நீர்விளையாட்டுப் பூங்காவைக் கூறினீர்கள். கொச்சிக்குச் செல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு கட்டப்பெற்ற யூதர்களின் பரதேசி ஜெப ஆலயத்தையே முதலில் காண வேண்டும் என்பது என் கருத்து. 'தமிழ் வகுப்பு யூதர் ஆலயத்திற்கு ஏன் செல்ல வேண்டும்?' எனப் பெற்றோர் ஒருவர் கேட்டார். நியாயமான வினாவே.

அதற்கு விடை, அவ்வாலயத்தார் காத்துவரும் செப்பேடுகளில் உள்ளது. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய உரிமைகள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்து வட்டெழுத்து. மொழியோ, மலையாளம் தனிமொழியாக நிலைபெறுமுன் இம்மண்ணில் வழங்கிய தமிழ். பகல்விளக்கு, பாவாடை, குடை, பறை, காளம், தோரணம் என மன்னன் அளித்த சிறப்புகளுள் பலவற்றின் பெயர்கள் உங்களுக்கு அகராதியின்றியே விளங்கும். ('பாவாடை' என்றதும் சிரிக்க வேண்டா, பெரியோர் நடந்துவர நிலத்தில் விரிக்கும் துணிக்கும் அதுவே பெயர்.) 'உல்கு' எனும் சுங்கவரியும் அவருக்கு நீக்கப்பட்டது. அச்சொல்லைத் திருக்குறளின் 'பொருள்செயல்வகை' அதிகாரத்தில் காண்பீர்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதன்று. நம் தொடர்வண்டி கடந்து செல்லும் கொல்லத்தில், 849ஆம் ஆண்டு தரிசாப்பள்ளிக்கு அளிக்கப்பெற்ற செப்பேட்டில், வட்டெழுத்து வாசகத்தின் முடிவில் சாட்சிகள் சிலர் எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டுள்ளனர். சேந்தமங்கலத்தில், இஸ்ரேலின் மகள் சாரா என்பவரின் 1269ஆம் ஆண்டுக் கல்லறைக்கல் எபிரேயத்தில் நிற்கிறது. நேரம் வாய்ப்பின் அதனையும் காண்போம்.

இத்துணைத் தொன்மை வாய்ந்த சமூகத்தாருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். முன்பொருமுறை நான் மட்டாஞ்சேரி சென்றபோது, அங்கிருந்து வந்த இளையோர் குழுவொன்றைக் கண்டேன். உடன்வந்த முதியவர் ஒருவர் கடைக்காரரிடம் தடையின்றி மலையாளம் பேசினார். பேரப்பிள்ளைகளோ அவ்விருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து நின்றனர். தாத்தாவின் தெரு, தாத்தாவின் ஆலயம் எல்லாம் அவர்கள் கண்முன் இருந்தன. தாத்தாவின் பேச்சு மட்டும் அவர்களுக்கு எட்டவில்லை. கோடை விடுமுறையில் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ சென்று, ஆச்சி சொல்வதில் பாதி விளங்காமல் தாயின் முகத்தைப் பார்க்கும் உங்களுள் சிலரை அப்போது நினைத்தேன். என் மகளும் அவர்களுள் ஒருத்தி. பணிமாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் ஆசிரியரின் வீட்டிலும் இது நேர்கிறது.

அவ்விளையோர் தம் முன்னோர் பெற்ற ஆவணத்தைத் தாமே படிக்க இயலாதவர்கள். நீங்களோ வாரத்திற்குச் சில பாடவேளைகளே தமிழ் கற்பினும், அதன் சொற்களுள் பலவற்றை அறிவீர்கள். வேறொரு சமூகத்தின் நினைவைத் திறக்கும் திறவுகோல் உங்கள் கையில் இருக்கையில், அதனைப் பயன்படுத்தாது பூங்காவுக்கு மட்டும் போய்த் திரும்புவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. பூங்காவுக்கு மறுநாள் செல்லலாம். தலைமையாசிரியரிடம் நானே கேட்கிறேன்.

செப்பேட்டின் படத்தையும் வட்டெழுத்து நெடுங்கணக்கையும் அடுத்த வாரம் வகுப்பில் தருவேன். உங்கள் பெயரை வட்டெழுத்தில் எழுதிப் பழகுங்கள். பயணத்திற்குச் சனிக்கிழமை வேண்டா. அது யூதர்களின் ஓய்வுநாள், ஆலயம் பார்வையாளர்க்குத் திறவாது.