சோகைக்கு மருந்து சம்பளக் கவரில்!

‘‘டாக்டரய்யா, ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நல்ல லேகியமா ஒண்ணு குடுங்க!’’

நெய்வேலிப் பக்கம் வைத்தியம் பார்க்கிற யாருக்கும் பழகிப்போன வார்த்தைகள் இவை. சொல்பவர் பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து வயதுப் பெண். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுப்பு. சித்த மருத்துவம் இதைப் பாண்டு என்கிறது. ஊருக்குத் தெரிந்த பெயர் ரத்தசோகை.

மருந்துக்கா பஞ்சம்? அன்னபேதி செந்தூரம் இருக்கிறது, கரிசாலை இருக்கிறது, நெல்லிக்காய் லேகியம் இருக்கிறது. சென்னை தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் ஆராய்ச்சியாளர்கள், தமிழ்நாட்டில் 2,648 வளரிளம் பெண்களைச் சேர்த்து 45 நாள் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் நன்றாகவே ஏறியது. அந்த முடிவு 2024-ல் வெளிவந்தது. சித்த வைத்தியனான எனக்கு அதில் பெருமைதான்.

சரி... நாற்பத்தாறாம் நாள் அந்தப் பெண் என்ன சாப்பிடுவாள்?

இந்தக் கேள்விக்கு என் மருந்துப் பெட்டியில் பதில் இல்லை. அரசாங்கத்தின் கையில் இருக்கிறது.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 1956-ல் காமராஜர் பள்ளியில் மதிய உணவு போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை வந்தது. 2022-லிருந்து காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. 1997-ல் மத்திய அரசு, ‘வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே’ என்று ரேஷனைப் பிரித்தபோது, தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போடவே மறுத்தது. ‘நீ ஏழைதானா? நிரூபி!’ என்று கேட்காமல் கொடுத்தது. அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011-லிருந்து அரிசி இலவசம்.

பலன் கண்கூடு. நிதி ஆயோக் 12 அளவுகோல் வைத்துப் பார்த்த கணக்கில், 2019-21-ல் தமிழ்நாட்டில் வறுமையில் இருந்தவர்கள் 2.2 சதவீதம்தான். கஞ்சிக்கே வழியில்லாத காலம் மலையேறிவிட்டது.

ஆனால் அதே 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம்!

நூற்றுக்கு இரண்டு பேர் ஏழை. பெண்களிலோ பாதிக்கு மேல் சோகை. இது எப்படி?

விஷயம் ரொம்ப சிம்பிள். அரிசி ரேஷனில் வருகிறது, வயிறு ரொம்புகிறது. இரும்புச்சத்து தரும் கீரை, பயறு, மீன், ஈரல், அது உடம்பில் ஒட்ட உதவும் நெல்லிக்காய், எலுமிச்சை... இதெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. கையில் காசு சுருங்கினால் வீட்டில் முதலில் குறைவது இந்த அயிட்டங்கள்தான். அவற்றையும் புருஷனுக்கும் பிள்ளைக்கும் வைத்துவிட்டு, கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுபவள் வீட்டுக்காரி. சோகை யாருக்கு வரும்?

இப்போது எங்கள் ஊரைப் பாருங்கள். அரசாங்கமே கட்டிய ஊர் இது. 1956-ல் நிறுவனம், 1957-ல் சுரங்கம், பக்கத்திலேயே அழகான நகரியம். வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. குவார்ட்டர்ஸ் வீட்டுத் தோட்டத்தில் முருங்கை நிற்கும், பாத்தியில் கீரை முளைக்கும். ஒரு சாதாரணத் தொழிலாளியின் குடும்பம் கௌரவமாக வாழ முடியும் என்று நாட்டுக்குக் காட்டிய ஊர் இது. வறுமை ஒழிப்புக்கு இதைவிடப் பெரிய திட்டம் வேறென்ன?

ஆனால் அந்த வாழ்க்கை நிரந்தரத் தொழிலாளிக்குத்தான். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் பல ஆயிரம் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். மந்தாரக்குப்பத்திலோ வடக்குத்திலோ ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு, முருங்கைக் கொம்பு ஊன்ற ஒரு முழம் மண் கிடைக்குமா? பணி நிரந்தரம், சம வேலைக்குச் சம ஊதியம் என்று இவர்கள் பல தடவை வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். 2014-ல் நடந்தது, 2023-லும் நடந்தது.

சம வேலைக்குச் சமக் கூலி ஒன்றும் புதுக் கொள்கை இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய மத்திய விதிகளில் 1971-லேயே எழுதி வைத்தார்கள். தற்காலிக அரசு ஊழியர்கள் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. சட்டத்தின் பெயர் மாறலாம், நியாயம் மாறலாமா?

தனியார் முதலாளியாக இருந்தால், ‘லாபம்தான் அவருக்குக் குறி’ என்று விட்டுவிடலாம். இங்கே பெரும்பங்கு மத்திய அரசுடையது. 2013-லிருந்து தமிழக அரசு நிறுவனங்களிடமும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. ஒரு கையால் இலவச அரிசி கொடுக்கும் அரசாங்கம், இன்னொரு கையால் சம்பளக் கவரை மெலிய வைத்தால் என்ன அர்த்தம்? ‘எல்லோருக்கும் கூட்டிக் கொடுத்தால் மின்சாரம் விலை ஏறிவிடும்’ என்பார்கள். கொஞ்சம் ஏறலாம். அந்தச் சிக்கனத்தின் விலையை இன்றைக்கு ஒரு பெண் தன் ரத்தத்தால் கட்டிக்கொண்டிருக்கிறாளே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அரசாங்கத்துக்கு ஒரு வைத்தியனின் மருந்துச் சீட்டு இது:

ஒன்று: பொதுத்துறையில் ஒரே வேலைக்கு ஒரே கூலி. முதலில் அரசாங்கம் செய்து காட்டட்டும், தனியாரிடம் பிறகு கேட்கலாம்.

இரண்டு: ரேஷனில் சிறுதானியம். 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த கடலூர் மாவட்டத்துக்குக் கம்பும் கேழ்வரகும் வரட்டும். கம்பில் அரிசியைவிட இரும்புச்சத்து பல மடங்கு.

மூன்று: ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை ரத்தப் பரிசோதனை. அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கே போய்ச் செய்ய வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க யாராலும் முடியாது.

வாசகியரே, இதெல்லாம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். சாப்பாட்டோடு டீ, காபி குடிக்காதீர்கள், இரும்புச்சத்தைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரைக்கு எலுமிச்சம்பழச் சாறு பிழியுங்கள். செந்தூரத்தை வைத்தியரைக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடாதீர்கள். முக்கியமாக, சட்டியில் குழம்பு இருக்கும்போதே உங்கள் தட்டிலும் ஊற்றிக்கொள்ளுங்கள்.