வெளிநாட்டில் குழந்தைக்கு திடீர் மருத்துவ அவசரம்: பாறசாலை, நெய்யாற்றின்கரை குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பாறசாலையில் இருந்து ஒருவர், சில கிலோமீட்டர் தள்ளி களியக்காவிளையில் இருந்து இன்னொருவர். இரண்டு பேரும் துபாயில் ஒரே கம்பெனியில் வேலை. பேச்சு ஒன்று, விசா ஒன்று, சம்பளமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் குழந்தைக்கு ஏதாவது ஆனால், ஊர்ப்பக்கம் இருந்து கிடைக்கும் உதவி ஒன்றல்ல. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தக் கோடுதான் இதிலும் குறுக்கே வருகிறது.

நார்கா கேர்: எங்கே செல்லும், எங்கே செல்லாது?

வெளிநாடுவாழ் கேரள மக்களுக்காக நார்கா ரூட்ஸ் கொண்டுவந்த நார்கா கேர் காப்பீடு 2025 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு, 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்கு தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட பிரீமியம் 13,411 ரூபாய். இதில் மொழிக்கு வேலையே இல்லை. எல்லையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் கேரள முகவரி இருந்தால் சேரலாம்.

ஆனால் கவனிங்க. இதன் கேஷ்லெஸ் வசதி இந்திய மருத்துவமனைகளுக்கானது. விடுமுறைக்கு வந்த குழந்தை நெய்யாற்றின்கரையில் அட்மிட் ஆனால் கைகொடுக்கும். துபாயிலோ ரியாத்திலோ அட்மிட் ஆனால்? அங்கே அந்த நாட்டு இன்சூரன்ஸ்தான் பேசும். "அதான் நார்கா எடுத்தாச்சே" என்று நிம்மதியாக இருப்பது இங்கேதான் இடிக்கும்.

அப்போ அங்கே குழந்தைக்கு யார் கட்டணும்?

சவுதியில் தனியார் ஊழியரோடு அவரது குடும்பத்துக்கும் காப்பீடு எடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. துபாயில் அப்படி இல்லை. 2013-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டப்படி நிறுவனம் ஊழியருக்கு எடுத்தால் போதும். மனைவி, குழந்தைக்கு எடுக்க வேண்டியவர் விசா ஸ்பான்சர், அதாவது நீங்கள். செலவை மிச்சம் பிடிக்க எடுக்கும் அடிப்படை பிளானில் மருத்துவமனைப் பட்டியல் சுருக்கமாக இருக்கும். குழந்தைகள் ஐசியு உள்ள மருத்துவமனை அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது. பிரசவம் அங்கே என்றால் இன்னொன்று: பச்சிளங்குழந்தைக்கு தாயின் காப்பீடு துபாயில் முதல் 30 நாள்தான். அதற்குள் தனி பாலிசி வேண்டும்.

முதல் அரை மணி நேரம்

ஆம்புலன்ஸ் எண் நாட்டுக்கு நாடு மாறும். அமீரகம் 998, சவுதி 997, கத்தார் 999, குவைத் 112, சிங்கப்பூர் 995. ஊருக்கு போன் போடுவது அதற்கு அப்புறம்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைங்க. வாயில் எதுவும் வைக்காதீங்க. கையில் சாவிக்கொத்து திணிக்காதீங்க. மணியைப் பாருங்க. ஐந்து நிமிடம் தாண்டினால் அது கட்டாயம் ஆம்புலன்ஸ் கேஸ்.

மருந்துப் பெயரும் குழப்பும். ஊரில் இருந்து கொண்டுபோன கால்பால், அங்கே வாங்கிய அடால் அல்லது பனடால், இவை எல்லாவற்றிலும் இருப்பது பாராசிட்டமால்தான். வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும். பிராண்டை விட்டுவிட்டு மருந்தின் பெயர், கொடுத்த நேரம், குழந்தையின் எடை, தடுப்பூசி அட்டை, அலர்ஜி எல்லாவற்றையும் போனில் ஒரே இடத்தில் வைத்திருங்க.

டாக்டர் ஏன் துருவித் துருவிக் கேட்கிறார்?

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் இதை அவசியம் தெரிந்திருக்கணும். 2021 செப்டம்பரில் பெர்லினில் ஒரு குஜராத்தி தம்பதி, காயத்தோடு இருந்த ஏழு மாதக் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கொடுமை நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் குழந்தைகள் நல அலுவலகம் குழந்தையை எடுத்துக்கொண்டது. 2022 பிப்ரவரியில் பெற்றோர் மீதான குற்ற விசாரணை முடித்துவைக்கப்பட்டது. ஆனாலும் 2023 ஜூனில் நீதிமன்றம் பொறுப்பை அந்த அலுவலகத்திடமே கொடுத்தது. குற்ற வழக்கும் குழந்தைப் பொறுப்பு வழக்கும் அங்கே தனித்தனித் தடம்.

இதற்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. போனதும் மொழிபெயர்ப்பாளர் கேளுங்க. எப்போது, எப்படி அடிபட்டது என்பதை இரண்டு பேரும் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்க. தெரியாததை ஊகித்து நிரப்பாதீங்க. பேச்சு விசாரணைப் பக்கம் திரும்பினால் வழக்கறிஞருக்கும் தூதரகத்துக்கும் அன்றைக்கே சொல்லுங்க.

பில் கைமீறினால்?

இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. அவசர மருத்துவச் செலவும் அதன் வரம்பில் வரும். ஆனால் வசதி இல்லாதவர்களுக்கு, வருமானம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்தில் புகாரைப் பதிந்து எண் வாங்கிக்கொண்டால், பிறகு தொடர்ந்து கேட்க வசதி.

ஊருக்கே கொண்டுவந்து திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் சேர்க்க நினைத்தால், விமான நிறுவனத்திடம் டாக்டர் நிரப்பிய மருத்துவத் தகுதிப் படிவம் கொடுக்கணும். ஸ்ட்ரெச்சர் என்றால் பல சீட்டுக்குக் கட்டணம். இறங்கியதும் விமான நிலையத்தில் இருந்து நார்காவின் இலவச ஆம்புலன்ஸ் உண்டு. முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்தியாவில் இருந்து 1800 425 3939; வெளிநாட்டில் இருந்து +91 88020 12345-க்கு மிஸ்டு கால்.

எல்லைக்கு இந்தப் பக்கம்?

களியக்காவிளை, குழித்துறைக்காரர்களுக்கு நார்கா கிடையாது. அவர்கள் பதிய வேண்டியது தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நல வாரியத்தில். அங்கே அடையாள அட்டையும் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. அதில் குழந்தையின் மருத்துவச் செலவு வருமா என்பதைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இரு மாநிலங்களும் உதவியை ஆதாரத்தில் உள்ள முகவரியை வைத்துப் பிரிக்கின்றன. அவசரம் நடப்பதோ மூன்றாவது நாட்டில். அங்கே முதல் நாள் செலவைத் தாங்கப்போவது குழந்தையின் பெயரில் உள்ள உள்ளூர் பாலிசி மட்டுமே. அதில் மருத்துவமனைப் பட்டியலும் உச்சவரம்பும் எவ்வளவு என்று பார்க்க பத்து நிமிடம் போதும்.