ஸ்டியரிங் மாற்றிய கதை, அப்புறம் ஒரு சண்டை

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சிங்காநல்லூர் சிக்னலில் ஒரு வெள்ளை மாருதி 800 விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றதே, அதைத் திட்டியவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்தது நான்தான். சத்தியமாக ஹாரனில் கை வைக்கவில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாலே கத்தும், நேராக்கினால் நிற்கும். பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "ஏனுங் தம்பி, பறந்தா போறது?" என்றார். பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது. நான் திரும்ப வேண்டியதும் இடது பக்கம்...

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த வண்டிக்குப் புது ஸ்டியரிங் போட்டிருந்தேன். அப்பாவுடைய 2006 மாடல். மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கிறவன், அதுவும் கோயம்புத்தூர்க்காரன், கைக்கு வந்த வண்டியைச் சும்மா வைத்திருப்பானா? இந்த ஊர்க்காரர் கரிவரதன்தான் 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் வண்டி செய்தவர். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் டிராக்கே இருக்கிறது. அந்த வழியில் என் பங்காக ஒரு ரேஸ் ஸ்டியரிங், 320 மில்லிமீட்டர். (நடுவில் பெரிய இத்தாலி பிராண்டு பெயர். அந்த விலைக்கு அது ஒரிஜினலாக இருக்கவே முடியாது. தெரிந்துதான் வாங்கினேன்.)

சீட் கவரும், சன் ஃபிலிமும், டேஷ்போர்டில் ஆட்டுகிற பொம்மையும் விற்கிற கடையில் ஒரு பையன் இருபது நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தான். இங்கேதான் எனக்கு முதல் ஆட்சேபணை. ஸ்டியரிங் அலங்காரச் சாமான் இல்லை. பிரேக் ஷூ மாற்றுவதற்கு அந்தக் கடைக்குப் போவோமா? மாட்டோம். ஸ்டியரிங் மட்டும் கண்ணுக்கு அழகாக இருப்பதால் கடை மாறிவிடுகிறது.

சரி, மேட்டருக்கு வருவோம். ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஊமை வண்டியாக வீட்டுக்குப் போனேன். ராத்திரி உட்கார்ந்து யோசித்ததில் ஹாரன் புரிந்துவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் ஹாரன் பட்டன் செய்வது ஒரே வேலை, ரிலேயிலிருந்து வருகிற வயரை பாடி எர்த்தோடு சேர்ப்பது. அந்த வயர் வழியில் எங்கே இரும்பைத் தொட்டாலும் ஹாரன் அடிக்கும். பட்டனிலிருந்து வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு பட்டனில். நிற்காவிட்டால் வயரிலோ பின்னால் உள்ள கான்டாக்ட் தகட்டிலோ. எனக்கு நிற்கவில்லை. ஹப்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் வயர் நசுங்கி, ரப்பர் கிழிந்திருந்தது. நேர்மாறாக, புது ஸ்டியரிங்கில் ஹாரன் சுத்தமாக அடிக்கவில்லை என்றால் பல நேரம் எர்த் இல்லாததுதான் காரணம். பெயின்ட் அடித்த போல்ட், பெயின்ட் அடித்த ஹப், கரன்ட் எப்படிப் போகும்?

டேப் சுற்றினேன், ஹாரன் சரி. பெரிய இன்ஜினியர் ஆகிவிட்ட நினைப்பில் ஒரு வாரம் ஓட்டினேன்.

அந்த ஒரு வாரத்தில் மூன்று விஷயங்களைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தேன். வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் லேசாக வலது பக்கம் சாய்ந்திருந்தது. வலது இண்டிகேட்டர் திரும்பிய பிறகும் தானாக அணையவில்லை. அப்புறம் ஒரு சின்ன 'லொடக்'.

இண்டிகேட்டர்தான் என்னைப் பயமுறுத்தியது. திருச்சி ரோட்டில் வலது பக்கம் திரும்பி வந்துவிட்டேன், இண்டிகேட்டர் எரிந்துகொண்டே இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எதிரே ஸ்கூட்டரில் ஒருவர், பின்னால் ஒரு அம்மா, மடியில் குழந்தை. நான் மறுபடி வலது பக்கம் திரும்பப் போகிறேன் என்று நினைத்து அவர் ரோட்டு ஓரத்து மண்ணில் இறக்கிவிட்டார். விழவில்லை. காலை ஊன்றி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் அப்பா வழக்கமாக விடுகிற மெக்கானிக் அண்ணனிடம் போனேன். நடு மூடியைக் கழற்றி, நட்டில் ஸ்பானரை வைத்தவர் எதுவும் பேசவில்லை. என் கையைப் பிடித்து நட்டின் மேல் வைத்தார்.

"கையிலயே சுத்துது பாரு தம்பி."

சுற்றியது. ஒரு வாரமாக நான் எழுபதில் ஓட்டியது இதை வைத்துத்தான்.

மீதிக் கதையையும் அவர்தான் பிரித்துக் காட்டினார். ஆறு போல்ட் ஸ்டியரிங் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். மோமோ அளவில் போல்ட் வட்டம் 70 மில்லிமீட்டர், நார்டி அளவில் 74. என் ஸ்டியரிங் 70, கடைக்காரர் கொடுத்த ஹப் 74. ஒவ்வொரு ஓட்டையும் 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். பையன் என்ன செய்தான்? அரம் வைத்து ராவி ஓட்டையை நீளமாக்கிவிட்டான்! லொடக் அங்கிருந்தும் வந்திருக்கிறது. ஹப்பும் 800-க்கென்று செய்தது இல்லை, "எல்லா வண்டிக்கும் சேரும்" ரகம். இண்டிகேட்டர் சுவிட்சைத் திருப்பிவிட ஹப்பின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய முள் ஒரு பக்கம் எட்டவே இல்லை. அதனால்தான் இடது அணைந்தது, வலது அணையவில்லை.

சாய்வு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஸ்டியரிங் கோணலாக இருந்தால் கடையில் "அலைன்மென்ட் பண்ணிக்கோங்க" என்பார்கள். முதலில் செய்ய வேண்டியது அது இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்த வேண்டும். அதுதான் ராக்கின் நடு. அங்கே ஸ்டியரிங்கை நேராக மாட்ட வேண்டும். தண்டில் 36 பல் இருந்தால் ஒரு பல் மாறினால் 10 டிகிரி திரும்பும். பல் மாற்றியும் தீராத சின்ன மிச்சத்தைத்தான் டை ராடில், இரண்டு பக்கமும் சமமாக, எடுக்க வேண்டும். பல் தப்பை டை ராடில் மறைத்தால் ஸ்டியரிங் நேராகத் தெரியும், ஆனால் வண்டி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஒடியும்.

கை வலிக்குக் காரணம் கோளாறு இல்லை, கணக்கு. பழையதை அளந்தேன், 370 மில்லிமீட்டர். 320-க்கு வந்தால் அதே திருப்பலுக்குச் சுமார் 16 சதவீதம் கூடுதல் பலம் வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் பார்க்கிங் செய்து பாருங்கள், தெரியும். :-)

இனி சண்டை. என் வகுப்பு நண்பன் ஒருவனிடம் 2020 மாடல் வண்டி இருக்கிறது. இத்தனை கதையையும் கேட்டுவிட்டு, "நான் நல்ல ஹப்பா பார்த்து போட்டுக்கறேன்டா" என்றான். அவன் வண்டியில் ஏர்பேக் ஸ்டியரிங்குக்குள் இருக்கிறது. 2019 ஜூலையிலிருந்து விற்ற புது கார்கள் எல்லாவற்றிலும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதைக் கழற்றினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அணையாது. "அதுக்கென்ன, ரெண்டு ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா போதும், லைட் போயிடும்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். ஏர்பேக் இருக்கிற மாதிரியே கம்ப்யூட்டர் நம்பிவிடும்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "உன் 800-ல மட்டும் ஏர்பேக் இருக்கா?" என்றான். நியாயமான கேள்விதான். என் வண்டியில் இல்லை, அது ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். அவன் வண்டியிலோ சாவி போட்டதும் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லும். அவன் தங்கச்சி அந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். நாளைக்கு வண்டியை விற்றால் வாங்குகிறவர் யாரோ. அவர்களிடம் அந்த ரெசிஸ்டரைப் பற்றி யார் சொல்லப் போகிறார்கள்? அரம் வைத்து ராவிய பையனுக்காவது தெரியாமல் செய்த சாக்கு உண்டு. இது தெரிந்தே செய்கிற பொய். ரெசிஸ்டர் போடாமல் விட்டால் மட்டும் சரியாகிவிடாது, கோளாறு என்று பதிவானால் பக்கத்து சீட் ஏர்பேக்கும் சேர்ந்து கைவிடலாம். கழற்றுவதே ஆபத்து. பேட்டரியைக் கழற்றாமல், மேனுவலில் சொன்ன நேரம் காத்திருக்காமல் கை வைத்தாலோ, அதன் வயரில் மல்டிமீட்டரை வைத்தாலோ அது முகத்துக்கு நேராக வெடிக்கலாம். ஏர்பேக் உள்ள வண்டிக்கு இந்த ஆசையே வேண்டாம் என்பது என் கட்சி.

மூன்று நாளாக அவன் என்னோடு பேசவில்லை. ஸ்டியரிங்கும் இன்னும் வாங்கவில்லை.

என் வண்டிக்குப் பழைய ஸ்டியரிங்கே திரும்ப ஏறிவிட்டது, புது நட்டோடு. மெக்கானிக் அண்ணன் டார்க் ரென்ச் வைத்து முடுக்கி, என்னையும் ஒரு தடவை பிடித்துப் பார்க்கச் சொன்னார். 320 பரணில் கிடக்கிறது. யாருக்கும் விற்கவும் மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட் வரை போய்வந்தார். திரும்பி வந்து சாவியை மாட்டிவிட்டு, "இண்டிகேட்டர் இப்போ தானா அணையுதே" என்றார். அது அணையவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.