மின்சிக்கனம் யார் கடமை?

'மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவோம்' என்னும் தலைப்பில் ஒருமுறையேனும் கட்டுரை எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் அரியர். அறையைவிட்டு நீங்கும்போது விளக்கை அணைத்தல் வேண்டும். ஆளில்லாத கூடத்தில் விசிறி சுழலலாகாது. குளிர்பதனப் பெட்டியின் கதவை நெடுநேரம் திறந்து வைத்தல் தகாது. இவ்வாறு எழுதிய மாணவனுக்கு ஆசிரியரும் நல்ல மதிப்பெண் தருகிறார். எழுதியவற்றுள் பொய் ஒன்றுமில்லை. ஆயினும், சிக்கனத்தின் முழுச் சுமையையும் விசையை அழுத்தும் விரலின்மீதே ஏற்றிவிட்டு, விசைக்கு அப்பால் சுழலும் பொறியைச் செய்தவனையும் விற்றவனையும் கேள்வி கேளாது விடும் அறிவுரை, பாதி அறிவுரையே ஆகும்.

கணக்கைப் பார்ப்போம். வழக்கமான கூரை மின்விசிறி ஒன்று முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். புதுவகை நேர்மின்னோட்ட மோட்டார் பொருத்திய விசிறியோ ஏறத்தாழ 30 வாட்டில் அவ்வேலையை முடித்துவிடும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால், முன்னது ஆண்டுக்கு 328 யூனிட்டும் பின்னது 131 யூனிட்டும் செலவிடும். இடைவெளி 197 யூனிட். மூன்று விசிறிகள் சுழலும் வீட்டில் அது 590 யூனிட்டைத் தாண்டும். இரு வீட்டாரும் ஒரே ஒழுக்கத்துடன் ஒரே நேரத்தில் விசையை அணைத்தாலும் இந்த இடைவெளி மறையப் போவதில்லை. இது மனிதரின் ஒழுக்கக் குறையன்று, பொறியின் குறை.

இக்குறையின் விலையைச் செலுத்துவோர் யாவர்? பத்து பாகாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுதும் புழுக்கம் நீங்காத கடலோர மாவட்டம். துணி, ஆடை ஆலைகளுக்குப் பெயர்பெற்ற நகர். அருகே பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம். ஆலைத் தொழிலாளரும் மாணவரும் வாடகை வீடு தேடும் ஊர் இது. வாடகை வீட்டில் விசிறியையும் குளிர்சாதனத்தையும் வாங்கி மாட்டுபவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். மின்கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். வாங்குபவரின் கண்ணுக்கு விலை தெரியும், யூனிட் தெரியாது. யூனிட்டைச் சுமப்பவருக்கோ பொறியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. இவரிடம் போய், 'பார்த்து வாங்குங்கள்' என்று உபதேசிப்பது எத்தகைய நீதி?

2025 ஜூலையில் தீபகற்ப மலேசியாவில் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில், மாதம் 1,000 யூனிட்டுக்கு மிகாமல் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கத்தொகை உண்டு. பயன்பாடு ஏற ஏற, யூனிட்டுக்குரிய அத்தொகை இறங்கும். ஆகவே, மின்சாரம் தின்னும் பொறியோடு வாழ்பவர் இருமுறை இழக்கிறார்.

இதனாலேயே தரநிலையைச் சட்டம் காக்க வேண்டும் என்கிறோம். நம் நாட்டில் அதற்கு அடித்தளம் இல்லாமலில்லை. குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதனம், தொலைக்காட்சி, வீட்டு மின்விசிறி, விளக்கு ஆகிய ஐந்துக்கும் 2013 மே மாதம் முதல் குறைந்தபட்ச ஆற்றல் திறன் தரநிலை விதிக்கப்பட்டது. பின்னர் வேறு சில பொருள்களும் சேர்ந்தன. 2024ஆம் ஆண்டின் ஆற்றல் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவை பாராட்டுக்குரியவை. ஆனால், 2013இல் ஐந்து நட்சத்திரங்களுள் இரண்டு பெற்றாலே போதும் என்று வாயிற்படி வைக்கப்பட்டது. ஐந்துக்கு இரண்டு என்பது நூற்றுக்கு நாற்பது. தொடக்க வகுப்புக்கு அது பொருந்தும். நிலையான எல்லையாக அதனைக் கொள்ளுதல் ஆகாது. ஜப்பான் 1998இல் தன் சட்டத்தைத் திருத்தி, சந்தையில் முதலிடம் பெற்ற பொருளின் திறனையே குறித்த ஆண்டுக்குள் மற்றவர் எட்டவேண்டிய இலக்காக வைத்தது. கடைசி மாணவனை அளவுகோலாக்காமல் முதல் மாணவனை அளவுகோலாக்கிய முறை அது.

'தரத்தை உயர்த்தினால் விலை உயரும். ஏழை எங்ஙனம் வாங்குவான்?' என்று கேட்போர் உளர். வரலாறு வேறு விடை தருகிறது. அமெரிக்காவில் 1970களின் நடுவில் விற்ற புதிய குளிர்பதனப் பெட்டி ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,800 யூனிட் தின்றது. கலிபோர்னியா மாநிலம் அந்தப் பத்தாண்டிலேயே தரநிலை விதித்தது. 1987இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. 2001இன் தரநிலைக்குப் பின் அச்செலவு 500 யூனிட் அளவுக்கு இறங்கிவிட்டது. பெட்டியின் கொள்ளளவு சுருங்கவில்லை, வளர்ந்தது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலையும் குறைந்தது. சட்டம் கேட்டபோது பொறியாளர் வழி கண்டனர். கேளாதவரை கண்டாரில்லை.

வணிகத் துறையிலும் நிலைமை இதுவே. புதிய சட்டம், ஆண்டுக்கு 21,600 ஜிகாஜூல், அதாவது 60 இலட்சம் யூனிட்டுக்கு இணையான ஆற்றலைச் செலவிடும் பெரிய பயனீட்டாளர் ஆற்றல் மேலாளரை அமர்த்த வேண்டும் என்கிறது. பெரிய ஆலைக்கு இது பொருந்தும். தெருமுனை உணவகம் அந்த எல்லையின் அருகேகூட வாராது. ஆனால், அதன் கண்ணாடிக் கதவுக் குளிர்ப்பெட்டியும் உறைபெட்டியும் கடை மூடிய பின்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன; அவற்றை அணைத்தால் பண்டம் கெடும். மேலாளரை அமர்த்த இயலாத சிறு வணிகருக்கு, வாங்கும் பொறி தரமாயிருத்தல் ஒன்றே பாதுகாப்பு.

வீணாகும் யூனிட் வானிலிருந்து இறங்குவதன்று. அண்டை மாவட்டமான பொந்தியானில், தஞ்சோங் பின் அனல்மின் நிலையத்தில், கப்பலேறி வந்த நிலக்கரி எரிகிறது. மட்டமான பொறி ஒவ்வொன்றும் அந்த உலைக்கு இன்னும் கொஞ்சம் கரி கேட்கிறது. புகையோ ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை.

வருவாய் சிறிதாயினும் செலவு விரியாதிருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் காட்டும் நெறி. செலவு எந்த வழியே விரிகிறது என்பதை அறியாதவன் அதனை எவ்வாறு அடைப்பான்? அவ்வழியைக் காட்டும் கடமை ஆசிரியர்க்கு உண்டு. மின்சாதனத்தில் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டில் ஆண்டு மின்செலவு அச்சாகியுள்ளது. அதனைக் கணித வகுப்புக்குக் கொண்டு வருக. இரண்டு சீட்டுகளை ஒப்பிட்டு, பத்தாண்டுச் செலவைக் கணக்கிட மாணவரைப் பழக்குக. தவணை முறையில் பொருள் வாங்கப் பெற்றோர் கடைக்குச் செல்லும் நாளில், அந்தப் பிள்ளை உடன் செல்லட்டும்.

அரசிடம் நாம் கேட்பவை மூன்று. குறைந்தபட்சத் தரநிலை குறித்த காலந்தோறும் உயர வேண்டும். கடைகளும் உணவகங்களும் பயன்படுத்தும் குளிர்ப்பெட்டிகளுக்கு, வீட்டுச் சாதனங்களுக்கு நிகரான கண்டிப்பு வேண்டும். வாடகைக்கு விடும் வீட்டிலுள்ள சாதனங்களின் தரத்தைக் குடிவருவோர்க்கு முன்னரே அறிவிக்கும் விதி வேண்டும். விளக்கை அணைக்க நம் பிள்ளைகள் கற்றுவிட்டனர். தரமற்ற பொறி நாட்டுக்குள் நுழையாதவாறு வாயிலை அடைக்கும் பொறுப்பு அரசினுடையது. அடைக்கச் சொல்லி உரத்துக் கேட்கும் பொறுப்பு நம்முடையது.