ஓசி டெலிவரியும் அரைக்கிலோ கடலைமிட்டாயும்

ரொம்ப நாளா வயித்துக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருந்த மேட்டர் மக்கா. இன்னிக்குக் கொட்டிடறேன்.

'ஆன்லைன்ல கடை போடுங்க, முதல்ல கூட்டம் சேருங்க, லாபம் தானா வரும்'னு சட்டையில மைக்கை மாட்டிக்கிட்டு வீடியோ போடுற குருமார்கள் மேல எனக்குச் செம கடுப்பு. அவங்க பேச்சைக் கேட்டுத் தலையாட்டின ஆடு நான். வெட்டு விழுந்தது எங்க அத்தைக்கு.

அத்தைக்குக் கோவில்பட்டி. அப்புறம் என்ன, கடலைமிட்டாய்தான். 2020-ல புவிசார் குறியீடு வாங்கின ஊர்ச் சரக்கு. ரெண்டு பேரை வேலைக்கு வச்சு வீட்டுலயே போட்டு, பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்து நிம்மதியா இருந்தாங்க. பொட்டி தட்டுற மருமகன் நான் சும்மா இருப்பனா? ஒரு சனி, ஞாயிறுல சைட் ரெடி. குருமார்கள் சொன்ன அத்தனையும் செஞ்சேன். டெலிவரி இலவசம். பொருள் கைக்கு வந்ததும் காசு. விளம்பரத்துக்கு 3000 ரூபாய். போதாததுக்கு, 'இன்னும் 2 பாக்கெட் மட்டுமே'ன்னு சிவப்பு எழுத்து, பக்கத்துல ஓடுற கடிகாரம் வேற. அத்தை வீட்டு டின்னுல அப்போ 40 பாக்கெட் இருந்தது, ஹி ஹி.

முதல் மாசம் 25 ஆர்டர். ஆபீஸ்ல ட்ரீட்டே வச்சுட்டேன். அத்தை மட்டும் நீள நோட்டை எடுத்துக்கிட்டு உக்காந்தாங்க. "மருமவனே, ஒரு பாக்கெட்டுக்கு நம்ம கையில என்ன நின்னுச்சு?"

எண்ணிப் பாத்தோம். அரைக்கிலோ விலை 180. அடக்கம் 115. அட்டைப்பெட்டி, டேப் 10. கூரியர் 65. விளம்பரச் செலவை 25 ஆர்டருக்குப் பிரிச்சா 120. ஆக மொத்தம் 310. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 130 ரூபாய் கைக்காசைச் சேத்துக் கட்டி அனுப்பியிருக்கோம்! அதுலயும் நாலு பேர் 'ஆர்டரே பண்ணலியே'ன்னு கூரியர்காரரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த நாலுக்கும் வரவேண்டிய 720 போச்சு, திரும்பி வந்த கூலி 260. நொறுங்கி வந்த மிட்டாயைத் திருப்பி விக்கவா முடியும்? மொத்த நஷ்டம் 4230. அத்தை இதுல போட்டது சீட்டு எடுத்த காசு. ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

இப்ப சிலர் கிளம்பி வருவீங்க, 'அமேசானே வருஷக்கணக்கா நஷ்டத்துல ஓடுச்சே'ன்னு. வாஸ்தவம். 1995-ல விக்க ஆரம்பிச்சவங்க முதல் காலாண்டு லாபத்தைப் பாத்தது 2001 கடைசியில. ஆனா அது முதலீட்டாளர் காசு. அதே காலத்துல பெட்ஸ்.காம்னு ஒரு கடை. நாய்த்தீனி மாதிரி கனமான சரக்கை அடக்கத்துக்கும் கீழ வித்தாங்க, விளம்பரத்துல காசை இறைச்சாங்க. 2000 பிப்ரவரியில பங்கு வெளியிட்டு 8 கோடி டாலருக்கு மேல திரட்டினவங்க, அதே வருஷம் நவம்பர்ல கடையைச் சாத்திட்டாங்க. கூட்டம் வராம இல்லை. வந்த ஒவ்வொரு ஆளாலயும் நஷ்டம். ஆளுக்கு அஞ்சு ரூபா நஷ்டம்னா, ஆயிரம் பேர் வந்தா அஞ்சாயிரம் நஷ்டம். இதுக்கு இன்ஜினியரிங் டிகிரி வேணுமாய்யா?

சரி, என்ன மாத்தினோம்?

குறைஞ்சது மூணு பாக்கெட். காசு முன்கூட்டியே, யூபிஐல. கூரியர் 90 ரூபாய்னு முதல் பக்கத்துலயே பெருசா எழுதிட்டோம். 540-க்கு வித்தா அடக்கம் 345, பெட்டி 15 போக 180 நிக்குது. பெட்டியையும் சின்னதாக்கினோம். கூரியர்காரங்க எடையை மட்டும் பாக்குறதில்ல. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுத்து, எது அதிகமோ அதுக்குத்தான் காசு. நான் ஆசையா வாங்கி வச்சிருந்த 30×25×20 பெட்டி அந்தக் கணக்குல மூணு கிலோ! மிட்டாய்க்குப் பதிலாக் காத்தை அனுப்ப இருந்தேன்.

அந்தச் சிவப்பு எழுத்தையும் கடிகாரத்தையும் எடுக்கச் சொன்னது அத்தை. "பொய் சொல்லியா விக்கணும்? தின்னுட்டு நல்லாருந்தா அவுகளே கேப்பாக." அப்புறம்தான் தெரிஞ்சது, 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 தில்லாலங்கடிகளைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு. பொய்யா அவசரப்படுத்துறது அதுல ஒண்ணு. செலவை மறைச்சு வச்சுக் கடைசியில காட்டுறது இன்னொண்ணு. அத்தை எந்த அரசாணையும் படிக்கலை.

மறைக்காமச் சொல்றேன், ஆர்டர் 25-லேர்ந்து 11 ஆச்சு. எனக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. அத்தை 11 பெட்டியிலயும் போட்ட தேதியையும் போன் நம்பரையும் கையால எழுதி வச்சாங்க. நொறுங்கிப் போச்சுன்னு ஒருத்தர் சொன்னதும் கேள்வி கேக்காம வேற அனுப்பினாங்க. அவர் அடுத்த மாசம் தங்கச்சி வீட்டுக்கும் சேத்து வாங்கினார். மூணாவது மாசம் போன காசு திரும்பிடுச்சு. இப்ப மாசம் 30 ஆர்டர் பக்கம் போகுது, பாதிக்கு மேல பழைய ஆளுங்க. விளம்பரச் செலவு பூஜ்யம்.

30 ஆர்டரெல்லாம் ஒரு வியாபாரமான்னு குருமார்கள் சிரிக்கலாம். சிரிங்க சாமிகளா. உங்க லாபம் கடையில இல்ல, கடை போடச் சொல்லி நடத்துற வகுப்புக் கட்டணத்துல இருக்கு. எங்க அத்தை லாபம் அந்த நீள நோட்டுல இருக்கு.

கடை போடப் போற மக்கள்ஸ், சைட்டுக்கு என்ன கலர்னு யோசிக்கறதுக்கு முன்னால ஒரு பாக்கெட்டுக்கு என்ன நிக்கும்னு எழுதிப் பாருங்க. ஒண்ணும் நிக்கலைன்னா கூட்டம் சேக்காதீங்க. அது கடையில்ல, அன்னதானம்.

டிஸ்கி: அத்தை கடை விலாசம் கேக்காதீங்க. இதையே விளம்பரம்னு சொல்லிடுவீங்க. அந்தக் காத்துப் பெட்டிகள் மட்டும் என் ரூம்ல சும்மா கிடக்கு. வீடு மாத்துறவங்க வந்து எடுத்துக்கலாம், டெலிவரி இலவசம் கிடையாது!