லண்டனுக்குப் போகலாம்; நம் தெருவைப் பற்றிப் படிக்கக் கூடாதா?

கீழ்வேளூர்ப் பக்கமோ பாபநாசம் பக்கமோ, வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கும் பிள்ளை "லண்டனில் மேல்படிப்பு படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், தெருவில் எழும் முதல் கேள்வி "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். "என்ன படிக்கப் போகிறாய்?" என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. அது படிக்கப்போகும் பிள்ளையின் விருப்பம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தக் கேள்விக்கான விடையில் பாதியை டெல்லியில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க, ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகம் 'தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை' என்ற திட்டத்தை நடத்துகிறது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. 6 சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினருக்கு. 4 நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. டெல்டாவில் ஒரு ஒன்றியத்தில் மட்டும் எத்தனை நிலமற்ற கூலிக் குடும்பங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், இந்தியா முழுமைக்கும் 4 என்ற எண் எப்படிப்பட்டது என்று விளங்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது 35-க்குள். பட்டப்படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண். கியூ.எஸ். உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் தகுதி பற்றிய விதிகள். 2022-23ஆம் ஆண்டுக்கான வழிகாட்டு நெறிகளில் புதிதாக ஒன்று சேர்ந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகியவை தொடர்பான தலைப்புகளுக்கும் படிப்புகளுக்கும் இந்த உதவித்தொகை கிடையாது என்பதே அது. இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே போதுமான பல்கலைக்கழகங்களும் ஆதாரங்களும் இருக்கும்போது வெளிநாடு எதற்கு என்று அமைச்சகத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் தன் சொந்தக் காசில் போகும் மாணவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. பணமுள்ள வீட்டுப் பிள்ளை ஆக்ஸ்போர்டில் இந்திய வரலாறு படிக்கலாம். அதையே அரசு உதவியில் படிக்க நம் பிள்ளைக்கு மட்டும் வழி இல்லை.

இந்த விதி 1913-இல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில்தான் அண்ணல் அம்பேத்கர் அந்த ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1916 மே மாதம் அங்கே ஒரு மானுடவியல் கருத்தரங்கில் அவர் படித்த கட்டுரை 'இந்தியாவில் சாதிகள்'. இன்றைய வழிகாட்டு நெறிப்படி, இந்தியா குறித்த சமூக ஆய்வு என்று அந்தத் தலைப்பு முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். அதே ஆண்டு அவர் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி எல்லாம் சேர்ந்துதான் 1920-இல் மறுபடி கப்பல் ஏறினார். 1923-இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் தந்தது. ஆய்வின் பொருள் இந்திய ரூபாய். அவர் அப்போது தங்கியிருந்த கிங் ஹென்றிஸ் சாலை வீட்டை 2015-இல் மகாராஷ்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவிடமாக்கியது. வீட்டை வாங்கப் பெருந்தொகை கொடுக்க முடிந்த நாட்டில்தான், அவர் செய்த மாதிரி ஆய்வுக்குப் பணம் கிடையாது என்கிறார்கள்.

தஞ்சைக்கு வருவோம். இங்கே நிலம் யாரிடம் இருந்தது, யார் அடிமையாக உழைத்தார்கள் என்பதற்கான கம்பெனிக் காலத்துப் பதிவுகளில் பெரும் பகுதி லண்டனில், செயின்ட் பாங்க்ராஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் என்று அதற்குப் பெயர். 1843-இல் அடிமை முறையைச் சட்டம் ஏற்க மறுத்த பிறகும் காவிரிக் கரையில் பண்ணையாள் முறை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றைத் தனியாகத் தஞ்சைக்கென்றே கொண்டுவர வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது எந்த மண்ணில், எந்தக் கூலி உறவில் என்பதை அறிய, இந்த நூற்றாண்டுக் கணக்கை ஒருவர் படித்தே ஆக வேண்டும்.

படித்தார்கள். ஆனால் வெளியிலிருந்து வந்தவர்கள் படித்தார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த கேத்லீன் கஃப் 1950-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்து, 1981-இல் பெரிய நூலாக வெளியிட்டார். 'ஸ்ரீபுரம்' என்ற மாற்றுப் பெயரில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து ஆந்த்ரே பெத்தேல் எழுதிய நூல் 1965-இல் வந்தது. இரண்டும் நல்ல நூல்கள். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். இரண்டிலும் சேரி இருக்கிறது. சேரியில் பிறந்த ஒருவர் அதே ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து அந்த நூல்களுக்குப் பதில் எழுத வேண்டிய காலத்தில்தான் கதவு சாத்தப்படுகிறது.

இந்தத் தடை நீங்கும்வரை லண்டனில் நமக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. நிறையவே இருக்கிறது. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு எப்போது வரும் என்று காத்திருக்கும் ஊரில் வளர்ந்த சிவில் இன்ஜினியரிங் மாணவருக்கு, இம்பீரியல் கல்லூரியில் நீரியல், நீர்வள மேலாண்மை பற்றிய எம்.எஸ்சி. இருக்கிறது. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் வளர்ச்சித் திட்டமிடலுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. குடிசைப் பகுதி, வீட்டுமனை, சுற்றுச்சூழல் எல்லாம் அங்கே பாடம். பொது சுகாதாரத்துக்கு லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி உலகப் பெயர் பெற்றது. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஒரே துறைக்குப் பெயர்பெற்ற நிறுவனங்கள் அந்தப் பொதுத் தரவரிசைப் பட்டியலில் இல்லாமல் போகலாம். விண்ணப்பிக்கும் ஆண்டின் பட்டியலைப் பார்க்காமல் கட்டணம் கட்டிவிடாதீர்கள். நம் அரசுக் கலைக் கல்லூரிகளின் மூன்றாண்டுப் பட்டத்தை அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் முதுகலைக்குப் போதாது என்கின்றன, இங்கிலாந்தில் ஏற்றுக்கொள்கிறார்கள். அங்கே முதுகலை ஒரே ஆண்டில் முடிந்துவிடும் என்பது இன்னொரு வசதி. குறைந்த காலம், குறைந்த செலவு.

செலவு என்றதும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தேசிய உதவித்தொகையில் கல்விக் கட்டணம் போக, இங்கிலாந்தில் தங்கிச் சாப்பிட ஆண்டுக்கு 9,900 பவுண்டு தருகிறார்கள். மாதத்துக்கு 825 பவுண்டு. லண்டனில் படிக்கும் மாணவர் ஒருவர் உயிர்வாழ மாதம் 1,529 பவுண்டு வேண்டும் என்று இங்கிலாந்து அரசே 2025 நவம்பர் முதல் விசாவுக்காக நிர்ணயித்திருக்கிறது. 9 மாதத்துக்கு 13,761 பவுண்டு. அரசு உதவித்தொகைக் கடிதத்தை விசாவுக்கு நிதிச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அறை வாடகை கேட்பவர் கடிதத்தைப் பார்த்துக் குறைக்க மாட்டார். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்க அனுமதி. எனவே கூடுதலாக எங்கிருந்து பணம் வரும் என்பதை விமானம் ஏறுமுன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். லண்டனுக்கு வெளியே உள்ள ஊர்களில் இதே கணக்கு மாதம் 1,171 பவுண்டு. லண்டன் என்ற பெயருக்காக மட்டும் லண்டனைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தேர்வானாலும் நிம்மதி இல்லை என்பதை 2025 ஜூலையில் பார்த்தோம். அந்த ஆண்டுக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் போனது. மற்ற 66 பேருக்கும் நிதி இருந்தால் தருவோம் என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் வகுப்பு. ஜூலையில் "நிதி இருந்தால்". பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டிய தேதி இதற்காகத் தள்ளிப்போகாது.

அதனால்தான் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தை நம் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டும் என்கிறோம். 8 லட்சம் ரூபாய்க்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சமூக அறிவியலுக்கும் சட்டத்துக்கும் இதில் இடம் உண்டு. ஒன்றியத் திட்டத்தில் இடம் இல்லாத கிறித்தவ ஆதிதிராவிடர்களும் இதில் விண்ணப்பிக்கலாம். தஞ்சை, நாகைப் பகுதிகளில் இது பல வீடுகளுக்குப் பொருந்தும். இவை தவிர, ஃபெலிக்ஸ் உதவித்தொகை வசதி குறைந்த இந்திய மாணவர்களை லண்டனின் 'சோயாஸ்' கல்லூரியில் படிக்க வைக்கிறது. தெற்காசியாவைப் பற்றிப் படிக்க அதைவிட நல்ல இடம் அந்த நகரத்தில் இல்லை. செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் இரண்டாண்டு ஊரில் இருக்க வேண்டும்.

லண்டனில் சாதி இருக்காது என்ற நினைப்போடும் போக வேண்டாம். அங்குள்ள சமத்துவச் சட்டத்தில் சாதிப் பாகுபாட்டைச் சேர்க்க 2013-இல் நாடாளுமன்றம் வழிசெய்தது. 2018-இல் அந்நாட்டு அரசு அதைச் செய்யப்போவதில்லை என்று பின்வாங்கியது. வீடு பகிர்வதிலும் வேலை இடத்திலும் பெயரையும் ஊரையும் துருவிக் கேட்கும் நம் நாட்டு ஆட்கள் அங்கேயும் இருப்பார்கள்.

2026 செப்டம்பரில் சேர்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதுகலை முடித்தபின் வேலை தேடித் தங்க இரண்டாண்டு இருந்த அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டத்துக்கு மூன்றாண்டு அப்படியே.

தமிழ்நாடு அரசிடம் நாம் கேட்பது ஒன்று. ஆங்கிலத் தேர்வுப் பயிற்சியைத் தாட்கோ நடத்துகிறது; நல்லது. ஆனால் தஞ்சை மன்னர் சரபோஜி கல்லூரியிலோ கும்பகோணம் அரசுக் கல்லூரியிலோ இரண்டாமாண்டு படிக்கும்போதே இந்தத் திட்டத்தைப் பற்றி வகுப்பறைக்கு வந்து சொல்ல ஆள் வேண்டும். செப்டம்பரில் தொடங்கும் லண்டன் வகுப்புகளுக்கு விண்ணப்பம் முந்தைய அக்டோபரிலேயே திறந்துவிடுகிறது. நம் பக்கத்தில் அது சம்பா நடவு மாதம். இறுதியாண்டு மாணவிகளில் பலர் விடுமுறை நாளில் அம்மாவோடு வயலில் நிற்பார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, கடவுச்சீட்டு மூன்றையும் அதற்கு முந்தைய கோடையிலேயே வாங்கி வைத்திருந்தால்தான் அந்த அக்டோபர் கைக்கு வரும்.